வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

நாச்சிமுத்து முதலில் கேட்டபோது, ஆள் வெயிலில் கிறங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். பனியன் கம்பெனி முதலாளிகள் என் பட்டறைக்கு வருவது புதிதில்லை. சரக்கு வேனுக்குக் கூண்டு கட்ட வருவார்கள். வேலையாட்களை ஏற்றி இறக்கும் வண்டியில் இன்னும் இரண்டு வரிசை சீட்டைத் திணிக்க முடியுமா என்று கேட்பார்கள். மனுசனை மடித்து வைக்க முடியாது முதலாளி என்று சொல்லி அனுப்புவேன். இவர் கேட்டது வேறு மாதிரி இருந்தது.

"ஒரு ரூம் வேணுமுங்க. வண்டி மேல இருக்கோணும். வேண்டாங்கறப்போ கீழ எறக்கி வெச்சுட்டு, வண்டிய மட்டும் ஓட்டீட்டுப் போகோணும். கல்லு, பள்ளம், மேடு, எங்க வேணாலும் ஏறோணும்."

"எதுக்கு முதலாளி? எலக்‌ஷன்ல நிக்கிறீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "என்ற சம்சாரம் தூங்கறதுக்குங்க" என்றார்.

நான் மாரிச்செல்வம். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பனியன் தைக்க வந்து, தையல் கைக்கு வராமல் வெல்டிங் பிடித்து, தாராபுரம் ரோட்டில் சொந்தமாக வண்டிகளுக்குப் பாடி கட்டுகிற பட்டறை போட்டவன். எனக்கு முன்கோபம் உண்டு. என் வேலையை எவனாவது குறை சொன்னால் அன்றைக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவன் நாச்சிமுத்துவின் முன்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னது அப்படி.

அவர் மனைவி மயிலாத்தாள் போன ஆடியிலிருந்து வீட்டில் தூங்குவதில்லை. கம்பெனிக் காம்பவுண்டுக்குள்ளேயே வீடு. படுத்தால் யாரோ ஷட்டரைத் தட்டுகிற மாதிரி கேட்கிறதாம். எழுந்து போய்ப் பார்த்தால் ஒருவரும் இல்லை. கோயமுத்தூர் டாக்டர்களைப் பார்த்தாயிற்று, பழனிக்குப் போய் முடி இறக்கியாயிற்று, வேறு வீடு எடுத்துப் பார்த்தாயிற்று. எந்த வீட்டுக்குப் போனாலும் சத்தம் கூடவே வருகிறது. காரில் போகும்போது மட்டும்தான் கண் அசருகிறார். கார் நின்றதும் விழித்துக்கொள்கிறார்.

"எத்தனை நாளைக்குத்தானுங்க கார்லயே சுத்தறது?" என்றார் நாச்சிமுத்து. "மலையடிவாரத்துல எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்குது. ஊடு கிடையாது. போற வழி இட்டேரியும் பள்ளமுந்தான், கார் போகாது. வண்டியிலயே ரூம் இருந்தா, அவ எங்க தூங்கறாளோ அங்க அலுங்காம எறக்கி வெச்சுட்டு நான் கம்பெனிக்கு வந்தரலாம்."

"அங்கேயே ஒரு வீடு கட்டிரலாமே?"

"ஊடுன்னாலே அவளுக்கு ஆகறதில்லீங்க."

பெண்டாட்டியின் தூக்கத்துக்காக ஒரு ஆள் வண்டி கட்டுகிறாரே என்று எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது. அந்த வேலையும் என்னை இழுத்தது. சீட்டுக்கு ரெக்சின் ஒட்டி ஒட்டி அலுத்துப்போன கைக்கு இப்படி ஒரு வேலை எப்போது கிடைக்கும்?

வீட்டுக்குப் போய் ரோஸ்மேரியிடம் சொன்னேன். அவள் சாத்தான்குளத்துக்காரி. பைபிளில் பாதி மனப்பாடம், என் மேல் நம்பிக்கை மட்டும் அரைகுறை. விஷயத்தைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"எந்த நாச்சிமுத்து? வீரபாண்டிப் பிரிவுல கம்பெனி வச்சிருக்காவளே, அவங்களா?"

"ஆமா."

"அந்த வேலைய எடுக்காதீய."

கல்யாணத்துக்கு முன்னால் அவள் அந்தக் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள். முனீஸ்வரியையும் அவளுக்குத் தெரியும். முனீஸ்வரி என்ற பெயரை நானும் கேள்விப்பட்டிருந்தேன். அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பெண், கல்யாணம் ஆகாதவள். போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு, வேஸ்ட் குடோனில் போய்ப் படுத்திருக்கிறாள். பனியன் துணி வெட்டும்போது விழுகிற துண்டுகளை அங்கேதான் மலைபோலக் குவித்து வைப்பார்கள். பஞ்சு மெத்தை தோற்றுப்போகும். அசந்துபோகிற பெண்கள் அதில் சாய்ந்துகொள்வது எல்லாக் கம்பெனியிலும் நடப்பதுதான். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் யாரோ ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டார்கள். ராத்திரி வயரில் பொறி விழுந்து வேஸ்ட்டில் பிடித்துக்கொண்டது. பனியன் வேஸ்ட் கொழுந்துவிட்டு எரியாது, உள்ளுக்குள்ளேயே கனியும். புகைதான் அந்தப் பெண்ணைக் கொன்றது. ஞாயிற்றுக்கிழமை லீவு என்பதால் திங்கட்கிழமைதான் திறந்தார்கள்.

தட்டியிருப்பாளே, யாருக்கும் கேட்கவில்லையா என்று ஊர் கேட்டது. ஊரே பதிலும் சொல்லிக்கொண்டது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது ஷட்டர் அடிக்காதா? பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் திருப்பூரில் உள்ள அத்தனை ஷட்டரும் ராத்திரி முழுக்கப் படபடவென்று அடிக்கும். அதில் ஒரு பெண்ணின் கை தட்டுகிற சத்தத்தை எவர் பிரித்துக் கேட்பது?

"அந்த அம்மாவுக்குத்தான் பாவம் இப்பம் கேக்குது போல" என்றாள் ரோஸ்மேரி. "அவங்க நல்லவங்க. தீபாவளிக்கு எங்களுக்கு அவங்க கையாலயே முறுக்கு சுட்டுத் தருவாவ."

"நல்லவங்கதானே? அவங்க தூங்கட்டுமே. இதுல என்ன தப்பு?"

"நான் சொன்னா என்னைக்குக் கேட்டிருக்கீய?" என்று அவள் கரண்டியை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

பட்டாளத்தில் கழித்து ஏலம்விட்ட ஒரு பழைய வண்டியை நாச்சிமுத்து எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. பாறை மேல் ஏற்றினால் முனகிக்கொண்டே ஏறிவிடும். பின்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டுத் தட்டையான மேடையாக்கினேன். சதுரக் குழாயில் சட்டம் கட்டி, அலுமினியத் தகடு போர்த்தி, மேலே வைக்கிற அறையைத் தனியாகச் செய்தேன். பட்டறையில் எல்லோரும் அதைப் பெட்டி என்றுதான் சொன்னோம். கரடுமுரடான பாதையில் ஒரு சக்கரம் கல் மேல் ஏறினால் வண்டியின் சட்டம் முறுக்கிக்கொள்ளும். பெட்டியை நாலு மூலையிலும் முடுக்கினால் அதுவும் சேர்ந்து முறுக்கிக் கிழிந்துபோகும். அதனால் பின்னால் இரண்டு, முன்னால் நடுவில் ஒன்று என்று மூன்றே இடத்தில்தான் பிடிப்பு வைத்தேன். கீழே வண்டி எப்படி நெளிந்தாலும் மேலே தூங்குகிறவருக்குத் தெரியாது.

இறக்கி வைப்பதற்கு நாலு மூலையிலும் கழற்றி மாட்டுகிற இரும்புக் கால்கள், ஒவ்வொன்றிலும் திருகு ஜாக்கி. நாலையும் மாறி மாறிச் சுற்றினால் பெட்டி மேடையை விட்டு எழும்பும். போல்ட்டைக் கழற்றிவிட்டு வண்டியை அடியிலிருந்து முன்னால் எடுத்துக்கொண்டு போய்விடலாம். முதல்முறை அப்படி எடுத்துப் பார்த்தபோது, பெட்டி தனியாகக் கட்டில் மாதிரி நாலு காலில் நின்றது. பட்டறை ஆட்கள் கைதட்டினார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

சுவருக்குள் எதை அடைப்பது என்ற பேச்சு வந்தது. தகரத்துக்கும் உள்பக்கப் பலகைக்கும் இடையில் ஏதாவது வைக்காவிட்டால் வெயிலில் மனுசன் வெந்துபோவான். நான் தெர்மக்கோல் என்றேன்.

"எதுக்குங்க அது? நம்ம ஊர்ல இல்லாத வேஸ்ட்டா?" என்றார் நாச்சிமுத்து.

இது எங்கள் ஊர்ப் புத்தி. தலையணைக்கு வேஸ்ட், சீட்டுக்கு வேஸ்ட், கல்யாண வீட்டு ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளும் வேஸ்ட். எண்ணெய் துடைப்பதிலிருந்து எலி வளையை அடைப்பது வரைக்கும் திருப்பூர்க்காரனுக்கு அதுதான். நானும் யோசிக்காமல் சரி என்றேன். மறுநாளே அவர் கம்பெனி வேனில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. ரோஸ், மஞ்சள், இளநீலம் என்று வெளிநாட்டுக் குழந்தைகளின் சட்டைக்கு வெட்டிய மிச்சம். கம்பியால் குத்திக் குத்திச் சுவர் முழுக்க இறுக்கி அடைத்தோம்.

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த ரோஸ்மேரிதான் தரையில் சிந்திக் கிடந்த ஒரு ரோஸ் துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"இது எந்தக் குடோன்ல இருந்து வந்துச்சு?"

"அவருக்கு இருக்கிறதே ஒரு குடோன்தானே" என்று சொல்லி முடிக்கும்போதுதான் எனக்கே உறைத்தது. அதற்குள் பலகை முழுக்க ஆணி அடித்து முடித்திருந்தோம்.

"பிரிச்சுப் போடுங்க."

"ஏட்டி, அது போன வருசம். இது இந்த வருசத்துத் துணி. துணிக்கு என்ன தெரியும்?"

அவள் சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டாள். நான் தைரியசாலி மாதிரி சாப்பிட உட்கார்ந்தேன். உச்சி வெயில். வெளியே நின்ற பெட்டியிலிருந்து டொக், டொக் என்று கேட்டது. தகரம் சூட்டில் விரிந்தால் அப்படித்தான் சத்தம் வரும் என்று ஆட்களுக்கு நானே பாடம் எடுத்தேன். அப்புறம் ஒரு நாள் மழை மூட்டமாக இருந்தது, வெயில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கும் அதே மாதிரி கேட்டது. வெல்டர் ரெண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். குளிரில் தகரம் சுருங்குகிறது என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து ஒருவனும் பெட்டிக்குள் தனியாகப் போகவில்லை. நானும்தான்.

மயிலாத்தாள் பட்டறைக்கு வந்தது அதற்குப் பிறகு. நான் ஏதோ தலைவிரி கோலமாக ஒரு பெண்ணை எதிர்பார்த்திருந்தேன். தலைக்குக் குளித்துப் பூ வைத்து, இஸ்திரி போட்ட சுங்கடிச் சேலையில், அமைதியாக வந்தார். கண்ணைச் சுற்றி மட்டும் கரி பூசியது மாதிரி கறுத்திருந்தது. பெட்டிக்குள் ஏறிக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார், ஃபேனைப் போட்டுப் பார்த்தார், சுவரில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

"ஏனுங் தம்பி, உள்ள இருந்து தட்டுனா வெளிய கேக்குங்களா?"

என் தொழில் பெருமை என்னை விடவில்லை. "கேக்கவே கேக்காதும்மா. கத்தினாக்கூட வெளிய வராது. வேஸ்ட்ட அவ்வளவு இறுக்கமா அடச்சிருக்கோம்" என்றேன்.

அவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் என் நாக்கைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்த கதை. ஓங்கித் தட்டினால் கேட்கத்தான் செய்யும் என்று எதையோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். அவர் கேட்ட மாதிரி தெரியவில்லை.

"கதவு மட்டும் வெளிய இருந்து பூட்டறாப்ல வேண்டாமுங் தம்பி. எது எப்படி இருந்தாலும் சரி. அது மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

இரண்டு நாள் கழித்து நாச்சிமுத்து தனியாக வந்தார். மனைவி வேண்டாம் என்று சொன்னதையேதான் இவர் கேட்டார். கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் பூட்டு மாட்ட ஒரு கொண்டியும் வேண்டும்.

"அவ ராத்திரில எந்திரிச்சு நடக்கறாளுங்க. ஒருக்கா ஊத்துக்குளி ரயில்வே லைன் ஓரமாக் கண்டுபுடிச்சுக் கூட்டியாந்தோம். தோப்புக்கு ஆனை வருது. நான் இல்லாத நேரத்துல கதவத் தொறந்துட்டுப் போயிட்டான்னா?"

"அவங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க முதலாளி."

"அவ சொல்லுவா. அவளுக்கு நல்லது எதுன்னு அவளுக்குத் தெரியிலீங்க."

"இந்தப் பெட்டிக்குள்ள ஒரு ஆளை வச்சு வெளிய பூட்டுறதுக்கு நான் கதவு செய்ய மாட்டேன்" என்று எழுந்துவிட்டேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, கிரைண்டிங் மிஷின் நின்றது, ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாச்சிமுத்து கோபப்படவில்லை. சரிங்க, விடுங்க என்று பெட்டியோடு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒழிந்தது என்று நினைத்தேன்.

ஆடி பிறந்து காற்று எழும்பியிருந்த சமயம். செல்போனில் நாச்சிமுத்து கூப்பிட்டார். தோப்பில் பெட்டியை இறக்க முடியவில்லை, ஒரு கால் சிக்கிக்கொண்டு திரும்ப மாட்டேன் என்கிறது, வந்து பார்க்க முடியுமா என்றார். வேலையில் குறை என்றால் எனக்குச் சோறு இறங்காது என்றுதான் சொன்னேனே. உடுமலைப்பேட்டைக்கு பஸ் ஏறி, அமராவதி நகர் போகிற ரோட்டில் இறங்கினேன். அங்கிருந்து அவர் வண்டியோட்டி ஒரு மொபெட்டில் இரண்டு பக்கமும் வேலி ஓடுகிற இட்டேரித் தடம் வழியாகக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டுத் திரும்பினான்.

தோப்பு பெரியது. காற்றில் அத்தனை தென்னையும் ஒரே பக்கம் சாய்ந்து கூச்சல் போட்டன. தூரத்தில் காற்றாலைகள் சுற்றின. தோப்பின் கோடியில் ஒரு மோட்டார் ரூம், அதன் தகரக் கதவு ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. பெட்டிக்குக் கிட்டே போனதும் என் கண் கதவில்தான் விழுந்தது. என் கதவின் இரும்புச் சட்டத்தில் எவனோ கைப்பழக்கம் இல்லாதவன் கோணல்மாணலாக வெல்டு வைத்து, ஒரு தாழ்ப்பாளையும் கொண்டியையும் ஒட்டியிருந்தான். அலுமினியத் தகடு சுற்றிலும் கருகியிருந்தது.

நாச்சிமுத்து என் பார்வையைப் பார்த்துவிட்டு, "ஆனை வருதுங்க" என்றார்.

பக்கத்தில் மயிலாத்தாள் நின்றுகொண்டிருந்தார். அவர் எதிரில் சண்டை வேண்டாம் என்று ஜாக்கியின் பக்கம் குனிந்தேன். ஜாக்கியின் மரையில் மணல் ஏறியிருந்தது, அவ்வளவுதான். மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்து, கிரீஸ் வைத்து, நாலு காலையும் மாறி மாறிச் சுற்றினோம். பெட்டி எழும்பியது. நாச்சிமுத்து வண்டியை முன்னால் எடுத்து நிறுத்தினார். பிறகு கீழே இறக்கினோம், படி தரையைத் தொடுகிற மாதிரி. எல்லாம் ஆனதும் அவர் உள்ளே பேட்டரியில் லைட் எரிகிறதா, ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஏறினார்.

மயிலாத்தாள் போய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைத் தள்ளினார். அடுப்படிக் கதவைச் சாத்துகிற மாதிரி அத்தனை சாதாரணமாகச் செய்தார்.

"அம்மா, முதலாளி உள்ள இருக்காரு."

"தெரியுமுங் தம்பி. எங்கூட அந்த மோட்டார் ரூம் வரைக்கும் வாங்க."

"அம்மா..."

"அவருக்கு ஒண்ணும் ஆகாதுங்க. காத்து இருக்குது, ஃபேன் இருக்குது. வாங்க தம்பி. இத்தனை நாளா இதுக்கு ஒரு ஆள் கெடைக்கில எனக்கு."

அந்தக் குரலை மீற முடியவில்லை. போய்த் திறந்துவிடலாம் என்று கை துடித்தது, கால் அவர் பின்னால் போனது. மோட்டார் ரூம் பக்கத்தில் நின்றார். "எங்க ஊட்டுக்கும் குடோனுக்கும் இவ்வளவு தூரந்தானுங்க" என்றார்.

காற்று. தென்னை மட்டைகள். பக்கத்தில் தகரக் கதவு. முதலில் வேறு எதுவும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. மொத்தையாக, அமுங்கிப்போய், துணிமூட்டையில் அடிக்கிற மாதிரி. குரல் வெளியே வரவில்லை, தட்டுவது மட்டும் வந்தது.

"நல்லாக் கேளுங் தம்பி. கேட்டுட்டுச் சொல்லுங்க. அது காத்துங்களா, கையிங்களா?"

கேட்டேன். தகரக் கதவு அடிப்பதற்கு ஒரு ஒழுங்கும் இல்லை, இஷ்டத்துக்கு அடித்தது. மற்றது அப்படி இல்லை. தட்டும், பிறகு நிறுத்தும். யாராவது வருகிறார்களா என்று பார்க்கிற மாதிரி நிறுத்தும். மறுபடி தட்டும், முன்னைவிட வேகமாக. காற்று யாருக்காகவும் நின்று பார்ப்பதில்லை. பச்சைக் குழந்தைக்குக்கூட அது கை என்று தெரியும்.

ஆனால் நான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கை என்று சொன்னால் இவர் எப்படி உயிரோடு இருப்பார்? அன்றைக்கு முனீஸ்வரி தட்டியதை ராத்திரி முழுக்கக் கேட்டும் காற்று என்று நினைத்துப் படுத்திருந்தவர் அல்லவா? எனக்குத் தெரிந்த ஒரே தர்மத்தைச் செய்தேன்.

"காத்து மாதிரித்தாம்மா இருக்கு. பிரிச்சுச் சொல்ல முடியல" என்றேன்.

மயிலாத்தாள் தலையாட்டினார். "அவரும் அப்படித்தானுங்க சொன்னாரு."

"யாரு?"

"உள்ள இருக்கறவரு. எனக்கு அன்னைக்கே கையின்னு தெரிஞ்சுதுங் தம்பி. எந்திரிச்சுச் சாவியக்கூட எடுத்துட்டேன். அவரு முழிச்சுத்தான் படுத்திருந்தாரு. 'காத்து, பேசாமப் படு'ன்னாரு. நான் சாவிய ஆணில மாட்டீட்டுப் படுத்துட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் பண்ணுனது எனக்குத் தெரியுமுங்க. அதோட நான் இருந்துக்குவேன். அவருக்குத் தெரிஞ்சு சொன்னாரா, தெரியாமச் சொன்னாரான்னுதான் எனக்குத் தெரியோணும். கேக்காத நாளில்ல. காத்துன்னுதான் நெனச்சேன், காத்துன்னுதான் நெனச்சேன்னு அதையே சொல்றாரு."

பெட்டியில் தட்டுவது இப்போது நிற்காமல் கேட்டது.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. ஓடினேன். மயிலாத்தாளும் பின்னாலேயே வந்து, நான் கை வைப்பதற்கு முன்னால் தானே தாழ்ப்பாளைத் தள்ளித் திறந்தார். நாச்சிமுத்து வேர்த்துக் கொட்டி, சட்டை உடம்போடு ஒட்டி, வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை முட்டி சிவந்திருந்தது. அவர் உள்ளே இருந்தது ஒரு பீடி குடிக்கிற நேரம்கூட இருக்காது. அந்த முகத்தைப் பார்த்தால் ஒரு ராத்திரி முழுக்க இருந்த மாதிரி இருந்தது.

"நாங்க அங்க நின்னு கேட்டோமுங்க" என்றார் மயிலாத்தாள். "தம்பி காத்துங்கறாரு."

நாச்சிமுத்து என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீங்க சொல்லுங்க. காத்துங்களா?"

அவர் படியில் உட்கார்ந்தார். அப்புறம் யாரிடம் என்றில்லாமல் சொன்னார்.

"குடோன் ஷட்டர எறக்கறப்போ நானும் உள்ள பாக்கில. ராத்திரி தட்டறப்போத்தான் எவளோ உள்ள படுத்துத் தூங்கீட்டான்னு தெரிஞ்சுது. ஒரு ராத்திரி உள்ளயே கெடந்தாப் புத்தி வரும், அப்பறம் வேலை நேரத்துல எவளும் தூங்கமாட்டாளுகன்னு நெனச்சேன். காலைல தொறந்து விட்டரலாம்னுதான் இருந்தேன். நடுச்சாமத்துக்கு மேல சத்தம் நின்னு போச்சு. சரி, தூங்கீட்டாளாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டேன். பொகை வரும்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு எப்படித் தெரியும் மயிலா?"

"காலைல தொறந்தீங்களா?"

"மறந்துட்டேன்" என்றார் நாச்சிமுத்து. "ஞாயித்துக்கெழமை. ஒரு கல்யாணம். மறந்துட்டேன்."

எனக்கு அந்த ஆளின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளையடா அது, அவள் ஆத்தாளும் அப்பனும் ஒரு வருசமாகக் காற்றைத் திட்டிக்கொண்டு கிடக்கிறார்களடா என்று கத்த வேண்டும் போல இருந்தது. மயிலாத்தாள் கத்தவில்லை, அழவும் இல்லை. யாரோ தலையில் இருந்த சுமையை இறக்கிவிட்ட மாதிரி அவர் தோள் தணிந்தது.

"அவ ஊட்டுக்குப் போய் இதச் சொல்லோணுமுங்க. நாளைக்கே போகோணும். போலீசுலயும் சொல்லோணும்" என்றார். கணவர் மறுப்பாரா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. "தம்பி, அந்தத் தாழ்ப்பாள அறுத்துப் போட்டுருங்க. நான் கொஞ்சம் படுக்கறேன்."

உள்ளே போய்க் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுப் படுத்தார். நான் பையிலிருந்து ரம்பத்தை எடுத்து அந்த அசிங்கமான வெல்டை அறுக்க ஆரம்பித்தேன். இரும்பு அறுபடுகிற சத்தம் பல்லைக் கூசச் செய்யும். தலைமாட்டிலேயே அந்தச் சத்தம். பாதியில் எட்டிப் பார்த்தேன். கன்னத்துக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, வாய் லேசாகத் திறந்திருக்க, மயிலாத்தாள் தூங்கிக்கொண்டிருந்தார். தாழ்ப்பாள் அறுந்து படியில் விழுந்தபோதும் அசையவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நாச்சிமுத்து பெட்டியின் காலில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் சாமான்களைப் பைக்குள் போட்டேன். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்துக்குக் காற்றும் அடங்கியது. அப்படி அடங்குவது ஆடியில் எப்போதாவதுதான். தென்னை மட்டைகள் தொங்கின. மோட்டார் ரூம் கதவு அடிப்பதை நிறுத்தியது. மலைப்பக்கம் ஏதோ ஒரு பறவை கத்திவிட்டு ஓய்ந்தது.

நாச்சிமுத்து திடீரென்று தலையைத் தூக்கினார். "அவ எந்திரிச்சுட்டாளாட்ட இருக்குதே. தட்டறா."

"தூங்குறாங்க. கதவு தொறந்துதான் இருக்கு. பாருங்க."

அவர் எழுந்து போய்ப் பார்த்தார். திரும்பி வந்து சுவர் ஓரமாக நின்றார். நானும் தகரத்தில் காதை வைத்துக் கேட்டேன். சூடு அடங்கிய தகரம், அதற்குப் பின்னால் துணி, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் கண் மட்டும் சுவரின் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"நிக்குது பாருங்க" என்றார். "இப்ப மறுபடியும்."

நான் பையைத் தோளில் மாட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை சில்லென்று இருந்தது.

"மாரிச்செல்வம், காத்துன்னு சொல்லுங்க. அவகிட்டச் சொன்னீங்கல்லொ. எங்கிட்டயும் ஒருக்காச் சொல்லுங்க. காத்துதானுங்களே அது?"

கையை விடுவித்துக்கொண்டு இட்டேரியில் இறங்கி நடந்தேன். நான் சொல்லவில்லை.